விரால் மேசைக்கு வந்துவிட்டது, பிடித்த கை எங்கே?

வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் ஓட்டல் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். வஞ்சிரம் வறுவல், சங்கரா குழம்பு, கணவாய்த் தொக்கு என்று கடல் பக்கத்து அயிட்டங்கள் எப்போதும் உண்டு. அவற்றுக்கு நடுவே புதிதாகச் சில பெயர்கள் ஏறியிருக்கின்றன. நாட்டு விரால் குழம்பு, வயல் நண்டு ரசம், நத்தை வறுவல். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் மாதா கோயில் திருவிழா நாட்களில் இவற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடவே கூட்டம் நிற்கிறது. காரில் வந்து இறங்குகிறவர்கள் 'கிராமத்துச் சாப்பாடு' என்கிறார்கள்.

கிராமம் சரிதான். கிராமத்தின் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

நண்டும் நத்தையும் கடைமடைச் சேரிகளின் சாப்பாடு. நெல் அறுத்த கூலி தீர்ந்துபோகும் மாதங்களில் எங்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது அவற்றால்தான். நான் படித்த பள்ளியில், மதியம் தூக்குவாளியைத் திறந்தால் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்திக்கொள்வான். 'நத்தை தின்னி' என்பது அன்றைக்கு ஒரு சாதிப் பெயரைப் போலவே பயன்பட்டது. அதே நத்தை இன்று வாழையிலையில், எலுமிச்சைத் துண்டும் வெங்காய வளையமும் வைத்து வருகிறது. மூலத்துக்கு நல்லது என்று பரிமாறுகிறவரே மருத்துவமும் சொல்கிறார்.

இந்தச் சாப்பாடு மேசைக்கு வருவதற்கு முன்னால் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலகையில் அது இல்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கடைசியாகத் தண்ணீர் வந்து சேர்வது நம் பகுதிக்கு. ஜனவரி 28-ல் அணையை மூடிய பிறகு வாய்க்கால்களும் குட்டைகளும் வற்றத் தொடங்கும். அப்போதுதான் மீன் பிடிக்கும் காலம். ஆண்கள் ஊத்தா குத்துவார்கள். பெண்கள் இடுப்பளவுச் சேற்றில் குனிந்து இரண்டு கைகளாலும் தடவித் தடவிப் பிடிப்பார்கள். கெளுத்தியின் முள் குத்தினால் கை முழுக்கக் கடுக்கும். விரால் வழுக்கும், குரவை சேற்றுக்குள் போய்விடும். பிடித்ததை இடுப்பில் கட்டிய பறியில் போட்டுக்கொண்டே நகர வேண்டும். வயல் நண்டுக்கு வரப்பு வளையில் கை விட வேண்டும். உள்ளே இருப்பது நண்டா பாம்பா என்பதை வளை வாயின் வழுவழுப்பை வைத்துச் சொல்லிவிடும் கிழவிகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். நத்தையைக் கொதிநீரில் போட்டு, முள்ளால் ஒவ்வொன்றாகச் சதையை இழுத்து, குடலை நீக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு ஏழெட்டுத் தண்ணீர் அலச வேண்டும். ஒரு தட்டு வறுவலுக்கு ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும்.

இந்த அறிவுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? பிடிக்கிறவர்கள் சாலையோரத்தில் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். படகு இல்லை, மீனவர் சங்கத்தில் பெயர் இல்லை. வாய்க்காலில் கையால் பிடிப்பதைத் தொழில் என்று எந்தப் பட்டியலும் ஏற்றுக்கொள்வதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும் இதே கதைதான். கடலோரத்தில் வாழ்ந்த தலித் குடும்பங்கள் 'மீனவர் அல்லாதோர்' ஆனதால் நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டதை அன்றைய மனித உரிமை அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன.

அந்தச் சாலையில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் மீன் ஆயும் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தால் பதினோரு மணிவரை அரிவாள்மணையை விட்டு எழ முடியாது என்றார்.

"சமையலும் நீங்கதானாக்கா?"

"ஆயுறது, அரைக்கிறது நான். பக்குவம் கேட்டாங்க, சொல்லிக் குடுத்தேன். அடுப்புக்கிட்ட மட்டும் வேற ஆளு தம்பி."

"பரிமாற?"

"அது எதுக்கு நமக்கு" என்று சிரித்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று வாடிக்கையாளர் கேட்டுவிட்டால் வியாபாரம் போய்விடும் என்று முதலாளி சொன்னாராம். எல்லா ஓட்டலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அதே சாலையில் நம் பிள்ளைகள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பில் போடும் இடங்களும் உண்டு. ஆனால் பக்குவம் நம்முடையதாகவும் கரண்டி வேறொருவர் கையிலும் இருக்கும் ஏற்பாடு புதிதல்ல.

இறாலின் கதை தனி. இந்தக் கடற்கரையில் 1990-களில் நெல் வயல்களை வாங்கி உப்புநீர் இறக்கி இறால் குட்டை வெட்டினார்கள். ஒரு வயல் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் தெருவையே கூப்பிடும். ஒரு குட்டைக்குக் காவலுக்கு இரண்டு ஆள் போதும். நிலம் விற்றவருக்குப் பணம் கிடைத்தது, நிலமே இல்லாத கூலிக்காரருக்கு வேலை போனது, குடிநீரும் கரித்தது. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் நம் பெண்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த குட்டைகளை அகற்றச் சொன்னது, விளைநிலத்தைக் குட்டையாக்கக் கூடாது என்றும் சொன்னது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, பதிவு பெற்றால் நடத்தலாம் என்று வழிவிட்டது. இன்று தட்டில் வருவது பெரும்பாலும் வனாமி இறால். லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம், 2009-ல்தான் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. அதையும் 'உள்ளூர் இறால்' என்றே பலகை சொல்கிறது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் வருகிற பெரிய மீனில் எவ்வளவு கேரளத்துப் பெட்டியில் வந்தது என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

இனி மாணவர்களுக்கு. ஓட்டலில் நுழைவது நமக்கு யாரோ போட்ட பிச்சை அல்ல. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே உரிமையை எழுதியிருக்கிறது. 1948 நவம்பரில் அந்தப் பிரிவு அரசியல் நிர்ணய சபையில் விவாதிக்கப்பட்டபோது, 'கடை' என்ற சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கும் என்ற கேள்வி எழுந்தது. சேவை நாடி வருகிற எவருக்கும் அதைத் தரத் தயாராக இருக்கும் இடம் எல்லாமே கடைதான் என்ற பொருளில் அம்பேத்கர் பதில் சொன்னார். 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நான்காம் பிரிவில் உணவகத்துப் பாத்திரங்களைக்கூட விடவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும், பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைப் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, ஐந்து ஆண்டு வரை போகலாம். இது 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்பார்கள். ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குப் பேப்பர் கப் என்று அது உருமாறியிருக்கும் டீக்கடைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுகாதாரம் என்று பதில் வரும். சுகாதாரம் என்றால் எல்லாருக்கும் பேப்பர் கப்தானே? அப்படி நடந்தால் தேதி, நேரம், கடை, உடன் இருந்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 14566 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கூடியதா என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

சாப்பிடப் போவதைவிடப் பெரிய கேள்வி, கடை போடுவது. சாதிப் பெயரைப் பெருமையாக எழுதிய மெஸ்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. நம் ஆள் கடை வைத்தால் மட்டும் தாய், அன்னை, கடல் என்று பொதுப்பெயர் தேட வேண்டியிருக்கிறது. பொய்யூர்க் கத்தரிக்காயும் சென்னாக்குன்னியும் சேர்த்து நம் பெண்கள் வைக்கும் குழம்பை இந்தச் சாலையில் எந்த ஓட்டலும் இன்னும் சரியாக வைக்கவில்லை என்பது என் நாக்கின் தீர்ப்பு.

பி.காம். முடித்த எங்கள் பகுதித் தம்பி ஒருவன் அதைத்தான் செய்யப் பார்க்கிறான். சமையல் அவன் அம்மா. தாட்கோ வழியாகவும், மாவட்டத் தொழில் மையத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்திலும் கடன் கேட்கலாம். பின்னதில் 35 சதவீத முதலீட்டு மானியமும் வட்டியில் 6 சதவீதச் சலுகையும் உண்டு. திட்ட அறிக்கையை அவனே எழுதிவிட்டான். வங்கி, வாடகை ஒப்பந்தம் கேட்கிறது. சாலையோரத்தில் இதுவரை மூன்று இடம் பார்த்திருக்கிறான். மூன்று இடத்திலும் வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடிந்த பிறகு, "தம்பி, நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார்கள். நாலாவது இடம் கோயில்பத்துப் பக்கம் ஒரு பழைய அரிசிக் கிடங்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு நாங்கள் நாலைந்து பேர் போகிறோம்.