தூக்கம் கெட்ட பூதங்கள்

ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் என்றொரு நிறுவனம் இருக்கிறது. சர்வர்களை வாடகைக்கு விடுவது அதன் தொழில். 2012 ஜூன் 30 முடிந்து ஜூலை 1 பிறந்த இரவில், அதன் சர்வர் கூடங்கள் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒரு மெகாவாட் கூடிவிட்டது. ஆயிரம் இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடேற்றினால் எவ்வளவு ஆகுமோ, அவ்வளவு. அன்றைக்குக் கூடுதலாக வேலை எதுவும் வந்திருக்கவில்லை. சர்வர்கள்தான் சும்மாவே சூடாகிக்கொண்டிருந்தன.

அதே நேரத்தில் ரெடிட் தளம் படுத்தது. மொசில்லாவின் சர்வர்கள் சில திணறின. ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் விமான நிறுவனத்தின் பயணிகள் பதிவுக் கணினிகள் முடங்கி, ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இந்தியக் கடிகாரத்தில் அப்போது ஞாயிறு காலை 5.30.

என்ன நடந்தது என்று பார்க்குமுன், சர்வருக்குள் யாருக்கும் தெரியாமல் குடியிருக்கும் ஒரு கூட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டும். நாம் திறந்து மூடும் மென்பொருள்கள் வேறு. திரையில் முகமே காட்டாமல் பின்னணியில் ஓடுபவை வேறு. கடிதம் வந்ததா என்று பார்ப்பது, குறித்த நேரத்தில் பேக்கப் எடுப்பது, கடிகாரத்தைச் சரிபார்ப்பது எல்லாம் இவற்றின் பாடு. இவற்றுக்கு டீமன் என்று பெயர். 1963 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் கணினி ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள் வைத்த பெயர் இது. இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூதம்தான் அவர்களுக்கு முன்மாதிரி. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் என்டிபிடி, எஸ்எஸ்எச்டி என்று ‘டி’யில் முடியும் பெயர்களைப் பார்த்தால், அந்த டி இந்தப் பூதத்தின் டிதான்.

நம் ஊர்க் கதையிலும் ஒரு பூதம் உண்டே. வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஜமானையே விழுங்கிவிடும். கடைசியில் ஒரு கம்பத்தை நட்டு ‘இதில் ஏறி இறங்கிக்கொண்டே இரு’ என்று சொல்லித் தப்பிப்பார்கள். சர்வர் பூதத்துக்கு இலக்கணம் நேர்மாறு. வேலை இல்லையென்றால் அது தூங்க வேண்டும். ‘ஐம்பது மில்லி நொடி கழித்து எழுப்பு’ என்று கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடும். எழுந்து பார்க்கும், வேலை இருந்தால் செய்யும், இல்லையென்றால் மறுபடி படுக்கும். நூற்றுக்கணக்கான டீமன்கள் இருந்தும் சிபியு குளிர்ந்திருக்கிறதென்றால், பெரும்பாலானவை எந்நேரமும் தூக்கத்தில் இருப்பதுதான் காரணம்.

அந்த இரவில் கெட்டது இந்தத் தூக்கம்தான்.

பூமி சுற்றுவது அணுக் கடிகாரத்தைப் போல அவ்வளவு சீராக இல்லை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சரிக்கட்ட 1972இலிருந்து அவ்வப்போது உலக நேரத்தில் ஒரு நொடியைக் கூட்டுவார்கள். லீப் நொடி என்பார்கள். 2012இல் வந்தது 25ஆவது. 23:59:59க்கு அடுத்து 00:00:00 வராமல், நடுவில் 23:59:60 என்று ஒரு நொடி வந்து போனது. லினக்ஸ் இந்த உபரி நொடிக்காகத் தன் கடிகாரத்தை ஒரு நொடி பின்னுக்கு இழுத்தது. ஆனால் கெர்னலுக்குள் அலாரங்களைக் கவனிக்கும் பகுதிக்கு இந்தச் செய்தியைச் சொல்ல மறந்துவிட்டது. விளைவு, அலாரங்கள் பல ஒரு நொடி முன்னதாகவே அடித்தன. அரை நொடி தூங்கக் கேட்ட மென்பொருளுக்கு, அலாரம் படுக்கும்போதே அடித்தது. எழுந்தது, வேலை இல்லை, படுத்தது, அலாரம் அடித்தது, எழுந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை! கம்பத்தில் ஏறி இறங்கும் பூதம் கடைசியில் வந்தேவிட்டது. ஜாவாவில் எழுதிய மென்பொருள்களும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இப்படி அடிக்கடி குட்டித் தூக்கம் போடுபவை என்பதால் அவைதான் அதிகம் மாட்டின.

இப்போது அந்த நேரத்தில் பணியில் இருந்தவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். முதலில் ‘டாப்’ கட்டளையை ஓட்டுவீர்கள். எந்த மென்பொருள் சிபியுவை எவ்வளவு தின்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். இதில் புதியவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, 400 சதவீதம் என்று காட்டினால் பதறுவார்கள். நான்கு கோர் உள்ள கணினியில் அது முழுக் கொள்ளளவு, அவ்வளவுதான். இன்னொன்று, மேலே லோடு என்று காட்டும் மூன்று எண்கள். கடந்த 1, 5, 15 நிமிடச் சராசரிகள் அவை. லினக்ஸில் அந்தக் கணக்கில் சிபியுவுக்காகக் காத்திருப்பவை மட்டுமல்ல, ஹார்டு டிஸ்க்கின் பதிலுக்காக நிற்பவையும் சேரும். லோடு எகிறியும் சிபியு சும்மா இருந்தால் குற்றவாளி டிஸ்க்காக இருக்கலாம். சிபியுவைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து ‘ஸ்டிரேஸ்’. ஒரு மென்பொருள் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று ஒட்டுக்கேட்கும் கருவி. என் கணக்கில் இதுதான் இந்த வேலையின் ஸ்டெதாஸ்கோப். உண்மையில் உழைக்கும் மென்பொருள் என்றால் கோப்பைப் படிப்பது, பிணையத்தில் எழுதுவது என்று பலவிதக் கேள்விகள் ஓடும். வெட்டியாகச் சுற்றுவது என்றால் ஒரே வரி திரையை நிரப்பும்: ‘காத்திருக்கிறேன், நேரமாகிவிட்டது, காத்திருக்கிறேன், நேரமாகிவிட்டது.’

ஆனால் இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்பது இந்தத் தொழிலின் சுக்குக் கஷாயம். எந்த நோவுக்கும் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள், பாதி நேரம் கேட்கவும் செய்யும். அன்று மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி மறுபடி ஓட்டியவர்களுக்குக் கேட்கவில்லை. எழுந்ததும் அது பழையபடியே சுற்றியது. பழுது அதில் இல்லை, அதற்கு அலாரம் அடிக்கும் கெர்னலில் அல்லவா இருந்தது! ஆக, சிபியுவைத் தின்பவர் பெயர் பட்டியலின் முதல் வரியில் இருப்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார்.

மருந்து வேடிக்கையானது. ‘டேட்’ கட்டளையைக் கொண்டு கணினிக்கு அது ஏற்கெனவே காட்டும் நேரத்தையே திரும்ப வைக்க வேண்டும். நேரம் மாறாது. ஆனால் நேரத்தைக் கையால் வைக்கும்போது ‘கடிகாரம் திருத்தப்பட்டது’ என்ற செய்தி அலாரப் பகுதிக்குப் போய்ச் சேரும். விட்டுப்போன தகவல் அதுதானே. கட்டளையை அடித்த மறுகணம் சிபியு தணிந்தது. கணினியையே அணைத்துப் போட்டாலும் சரியாகியிருக்கும். ஏன் சரியானது என்பது மட்டும் தெரியாமல் போயிருக்கும்.

கெர்னலை அதே மாதத்திலேயே திருத்திவிட்டார்கள். கூகுள் அதற்கு முன்பே வேறு வழி பிடித்திருந்தது: உபரி நொடியைப் பொடிப் பொடியாக்கிப் பல மணி நேரத்தில் கரைத்துவிடுவது. 2016 டிசம்பர் 31க்குப் பிறகு லீப் நொடி எதுவும் சேர்க்கப்படவில்லை. 2035க்குள் இந்த வழக்கத்தையே கைவிடுவதென 2022இல் உலக நாடுகள் கூடி முடிவெடுத்திருக்கின்றன.

உங்கள் மடிக்கணினியின் விசிறி காரணமில்லாமல் இரைந்தால், பட்டனில் கை வைக்குமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு வரிசையைப் பாருங்கள். மேலே இருக்கும் பெயரோடு அந்தத் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டால் தடயமும் போய்விடும்.