லயத்தில் ஓர் அறை கட்ட யாரிடம் அனுமதி கேட்பது?

மகனுக்குத் திருமணமானதும் வீட்டோடு ஓர் அறையைச் சேர்ப்பதும், புகை மண்டும் சமையலறையைப் பின்புறமாகத் தள்ளிக் கட்டுவதும் எந்தக் குடும்பத்திற்கும் இயல்பான தேவைகளாகும். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கோ இந்த எளிய தேவையே சட்டச் சிக்கலாகிவிடுகின்றது. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள லயன் காம்பிராவை ஓரளவேனும் விரிவுபடுத்த எவரிடம் செல்வது என்பதே அவர்கள் முன்னுள்ள கேள்வியாகும்.

பொதுவான விதி என்ன? இலங்கையில் கட்டட அனுமதிக்கு அடிப்படையாக அமைந்திருப்பது 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமாகும். புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமன்றி, இருக்கும் கட்டடத்தில் புதிய சுவர் எழுப்புதல், அறை சேர்த்தல், கூரை அமைத்தல் போன்ற மாற்றங்களுக்கும் உள்ளூராட்சி சபையின் எழுத்துமூல அனுமதியை அது வேண்டுகின்றது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். வேலை முடிந்த பின்னர் இணக்கச் சான்றிதழும் பெறப்படல் வேண்டும்.

ஹற்றன் கடைவீதியில் கடையும் வீடும் வைத்திருக்கும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் இந்த நடைமுறையை நன்கறிவர். காணி உறுதி, நில அளவை வரைபடம், கட்டட வரைபடம் ஆகியவற்றுடன் நகர சபைக்கு விண்ணப்பித்தால், தாமதமாகவேனும் ஒரு பதில் கிடைக்கும். தோட்டத் தொழிலாளியின் விண்ணப்பமோ முதலாவது ஆவணத்திலேயே நின்றுவிடுகின்றது. அவரிடம் காணி உறுதி இல்லை.

உறுதி இல்லாமைக்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 53 வருட குத்தகை வழங்கப்பட்டது. காணி அரசுக்குரியது, அனுபவிப்பது கம்பனி, வாழ்வது தொழிலாளி. எனவே தோட்ட நிர்வாகத்தின் இணக்கம் இல்லாமல் ஒரு சுவரையும் எழுப்ப முடியாது. நிர்வாகம் வாய்மொழியாக இணங்கினாலும், அந்த வார்த்தை பிரதேச சபையின் கோப்பில் ஓர் ஆவணமாகாது.

பிரதேச சபைகளும் நெடுங்காலம் தோட்ட எல்லைக்கு வெளியே நின்றன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியில் பணியாற்றத் தடையாக இருந்தது. வாக்களிக்கும் உரிமை இருந்தும் சேவை பெறும் உரிமை இல்லாத அந்த நிலைமை, 2018 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நீங்கியது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆயினும் பாதையும் குடிநீரும் அமைக்கும் அதிகாரம் கிடைத்ததே தவிர, உறுதியற்ற குடும்பத்தின் கட்டட விண்ணப்பத்தை எவ்வாறு கையாள்வது என்ற வினா அப்படியே உள்ளது.

இது வெறும் காகிதப் பிரச்சினையன்று, உயிர்ப் பிரச்சினையாகும். அனுமதி கிடைக்காதென்று தேவை காத்திருப்பதில்லை. மக்கள் தாமாகவே லயத்தின் பின்புற மண்மேட்டை வெட்டி அறை இறக்குகின்றனர். அதனால் சரிவு தாங்குதலை இழக்கின்றது. மழைநீர் வடியும் கான் அடைபடுகின்றது. ஒரே கூரையும் பொதுச்சுவரும் கொண்ட லயத்தில், ஒரு வீட்டின் மாற்றம் அடுத்த வீட்டையும் பாதிக்கும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதையுண்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தில் விளைவித்த பேரழிவையும் எவரும் மறந்துவிட முடியாது. அவ்வனர்த்தங்களுக்கு லயத்து மக்கள் காரணமல்லர். ஆனால் ஆபத்தான சரிவில் ஆராயாமல் மண்ணை வெட்டுவது ஆபத்தை மேலும் பெருக்கும் என்பதை அவை உணர்த்துகின்றன. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் நிர்மாணத்திற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறப்பட வேண்டும் என்ற நடைமுறை இதற்காகவே உள்ளது. அதனால் மிகவும் பயனடைய வேண்டியவர்களே அதற்கு வெளியே நிற்பது பெரும் முரணாகும்.

தோட்ட மக்கள் எத்தகைய மாற்றத்திற்கும் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, அதன் பிரதியைப் பத்திரப்படுத்த வேண்டும். மண்ணில் கைவைக்கும் முன் அந்நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தின் ஆலோசனையைப் பெறுவது அவசியமாகும்.

அரசின் கடமை இதனினும் பெரிது. உறுதிக்குப் பதிலாக வதிவிடச் சான்றையும் நிர்வாகத்தின் கடிதத்தையும் ஏற்று, சபை, தோட்டம், ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் குறித்த காலத்துள் ஒன்றாக முடிவெடுக்கும் எளிய நடைமுறை வகுக்கப்பட வேண்டும். லயத்துக்கேற்ற மாதிரி வரைபடங்களைச் சபைகள் இலவசமாக வழங்கலாம். ஆனால் இவையெல்லாம் இடைக்கால ஏற்பாடுகளே. பாதுகாப்பான நிலத்தில், சொந்தப் பெயரில் காணி உறுதி கிடைக்கும் நாளிலேயே, மலையகத் தொழிலாளியும் ஏனைய பிரஜைகளைப் போன்று சபையின் படியேறி தன் வீட்டுக்கான அனுமதியைக் கேட்க முடியும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டுக்கு உழைத்த மக்களுக்கு அந்த உரிமை இனியும் தாமதமாகலாகாது.