முதலைகள் அரசாளும் நாடு

புலித் தலை, உடம்பில் அங்கி, கையில் புகைக்குழாய். 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டக் கையேட்டில் ராட்சசன் இப்படித்தான் இருக்கிறான். ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துப்போவான். கம்பனிலோ வான்மீகியிலோ இதைத் தேடி அலைய வேண்டாம். 1974-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'கோல்சாக்' என்ற பேய்த்தொடரில் ஒரு ராட்சசன் வருகிறான். அவன் சாவது அப்படித்தான். இராவணனின் வம்சம் அந்த வழியாகத்தான் ஆட்ட மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இதை வெளியிட்டது 1974-ல். போர்ட் கிள்ளானில் இதற்கு ஆள் சேர்ப்பது பெரும்பாடு. துறைமுகத்தில் எல்லோருக்கும் வேறு வேறு ஷிஃப்ட்.

கதை நடக்க ஓர் உலகம் வேண்டுமல்லவா? வரைபடம், அரசர்கள், தெய்வங்கள், அரிசி விலை எல்லாம் சேர்த்து உலகங்களைப் பெட்டியில் போட்டே விற்றார்கள். ஆசியாவுக்கென்று 1985-ல் 'ஓரியண்டல் அட்வெஞ்சர்ஸ்' வந்தது. அதன் காரா-தூர் கண்டத்தில் சாமுராய்களும் சீனப் பேரரசும் நெருக்கியடித்து நிற்க, தென்கிழக்கு ஆசியாவின் பங்குக்கு ஒரு காடு கிடைத்தது. 2020-ல் ஆசிய வம்சாவளி ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டிய பிறகு, பழைய நூல்களின் விற்பனைப் பக்கங்களில் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் ஒரு மறுப்புக் குறிப்பை ஒட்டிவைத்தது. அந்த நூல்களைத் தடை செய்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவற்றோடு எனக்குள்ள சண்டை வேறு: அந்த உலகங்களில் யாரும் வேலை செய்வதில்லை.

இந்த இடத்தில்தான் 'எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்' நினைவுக்கு வருகிறது. போர்ட் கிள்ளானிலிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கினால் போர்ட் டிக்சன். அந்த ஊர்க்காரரான எழுத்தாளர் ஸெடெக் சியூவும் ஓவியர் மன் காவும் சேர்ந்து 2018, 2019 வாக்கில் சிறு சிறு இதழ்களாக ஒரு கற்பனைத் தீவுலகத்தை வெளியிடத் தொடங்கினார்கள். முதலைகள் பிரபுக்களாக இருந்து மனிதர்களை ஆளும் நாடு ஓர் இதழ். மரம் செதுக்குபவர்களும் அவர்கள் கொண்டாடும் பூனைகளும் வாழும் கிராமம் இன்னொன்று. காலமே காதல் கொண்ட ஒரு காடு, மலைமேல் அமர்ந்திருக்கும் ஒரு ராணி என்று வரிசை நீண்டது. 2021-ல் வாசகர்களிடம் நிதி திரட்டி, கரப்பான் பூச்சித் தெய்வத்தைப் பற்றிய பெரிய புத்தகம் வரை போனார்கள்.

சண்டைக்கான எண்கள் இந்த இதழ்களில் இல்லை. முதலைக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, எத்தனை கவசம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. படகில் வரும் வியாபாரி என்ன விற்கிறான், அவனுக்கு எதன்மேல் பயம், ஊரில் என்ன வதந்தி என்ற பட்டியல்கள்தான். பகடையை உருட்டினால் ஒரு வாள் வராது. கடன்பட்ட ஒருத்தி வருவாள். எதிராளியை எப்படி வெட்டுவது என்பதற்கு முன்னால் அவனோடு எப்படி வாழ்வது என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்தக் கற்பனை பொட்டலில் முளைத்ததல்ல. கிள்ளான் ஆற்றில் முதலை தலைகாட்டியதாக அவ்வப்போது செய்தி வரும். அதற்காக யாரும் ஆற்றங்கரையைக் காலி செய்துவிட்டுப் போனதில்லை.

ஸெடெக் தனியே எழுதிய 'லோர்ன் சாங் ஆஃப் த பேச்சலர்' (2019) இன்னும் கூர்மையானது. ஓர் ஆறு, அதைச் சுரண்ட வந்த கம்பெனி, கொன்றாலும் திரும்பி வரும் ஒரு வெள்ளை முதலை. சரவாக்கின் பத்தாங் லுப்பார் ஆற்றைப் பல ஆண்டுகள் நடுங்கவைத்து 1992-ல் சுட்டுக் கொல்லப்பட்ட 'பூஜாங் செனாங்' முதலையை அறிந்தவர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். என் கணக்கில் இந்த வட்டாரத்தில் எழுதப்பட்ட மிகச் சிறந்த ஆட்ட நூல் இதுதான்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் தீவு இதழ்களைக் கொண்டாடினார்கள். இங்கே, அதுவும் தமிழர்களிடையே, அதன் பெயரைக் கேட்டவர்கள் அபூர்வம். பிறகு அந்த இருவரின் கூட்டும் முடிந்தது; இதழ்கள் இப்போது கடையில் கிடைப்பதில்லை. வைத்திருப்பவர்கள் இரவல் தரவும் தயங்குகிறார்கள், நானும்தான்.

மறுபடி படிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது: அந்தத் தீவுகளில் நம் ஆட்கள் கண்ணில் படவில்லை. அதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எழுத வேண்டியவர்கள் நாம். 1901-ல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்த இந்தத் துறைமுகம், சில மாதங்களிலேயே மலேரியாவால் மூடப்படும் நிலைக்கு வந்தது. மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்த பிறகுதான் பிழைத்தது. கொசுவை வில்லனாக வைத்து ஆடலாம். கங்காணி, கிராணி, தண்டல் என்று தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு முழு அதிகாரப் படிவரிசை இருந்தது. எல்லையில் முனியாண்டி. பக்கத்துக் கேரித் தீவில் மா மெரி மக்கள் மூதாதையரின் முகமூடிகளைச் செதுக்கி, ஆண்டுதோறும் அவர்களுக்குப் படையல் வைக்கிறார்கள். முனியாண்டியும் அந்த மூதாதையரும் எல்லை பேசிக்கொள்ளும் ஒரு காட்சியை யாராவது நடத்தினால் நான் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

பின்னால் போனால் இன்னும் வளம். கற்பூரம் எடுக்கக் காட்டுக்குள் போன ஜொகூர் ஜாகுன் மக்கள், மரத்தின் ஆவி கோபித்துக்கொள்ளாமலிருக்க அங்கே வேறொரு மொழியில்தான் பேசினார்கள். ஆட்டத்துக்கு இதைவிட நல்ல விதியைக் கைகாக்ஸ்கூட யோசித்ததில்லை. சுமத்ராவின் கற்பூரத் துறைமுகமான பாருஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டியது. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன் கட்ட வேண்டும் என்கிறது அது. சோழர் காலம் என்றதும் இராஜேந்திரனின் 1025 கடற்படையெடுப்புக்குத் தாவுகிறவர்களை நான் இந்தத் துறைமுகத்தில்தான் இறக்கிவிடுவேன். கப்பல் கரை சேர்ந்துவிட்டது, நம் ஆளின் மடியில் பொன் இல்லை, கஸ்தூரி விலை நேற்றுத்தான் ஏறியிருக்கிறது. பகடையை உருட்டுங்கள்.