பழையது இருக்கப் புதியது புகுந்த முறை

கணிப்பொறிக்கு நாம் எழுதும் நிரலைப் பொறி நடத்தத்தக்க வடிவிற்கு மாற்றுவது கம்பைலர். அதன் முதன்மையான உறுப்புகளுள் ஒன்று பார்சர் எனப்படும் பகுப்பான். ஒரு வாக்கியத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று நாம் பிரித்துக் காண்பதுபோல, அது நிரலின் சொற்களைப் பிரித்துக் கிளைவிரிந்த மரம்போன்ற அமைப்பாக்கித் தரும்.

இவ்வுறுப்பை மாற்றுதல் எளிதன்று. புதிய பகுப்பான் சரியான நிரலை மறுக்குமாயின் குற்றம் உடனே வெளிப்படும். பிறழ உணர்ந்து வாளா ஏற்றுக்கொள்ளுமாயின் விடை மட்டும் தவறிவரும். காரணம் எளிதிற் புலனாகாது. பைத்தான் என்னும் நிரல்மொழியில் இவ்விடர் எவ்வாறு கடக்கப்பட்டது என்பதை ஈண்டுக் காண்போம்.

1991-ல் வெளிவந்த அம்மொழியின் பழைய பகுப்பான், அடுத்து நிற்கும் ஒரு சொல்லை மட்டும் நோக்கி முடிவு செய்வது. ஆதலின் சில விதிகளை உள்ளவாறு எழுத இயலாது, தகாதவற்றையும் முதலில் ஏற்றுப் பின்னர்த் தள்ளவேண்டியிருந்தது. மொழியை ஆக்கிய கைடோ வான் ராசம், பாப்லோ கலிண்டோ, லைசாண்ட்ரோஸ் நிக்கோலாவ் ஆகிய மூவரும் பெக் என்னும் முறையில் வேறொன்றை அமைத்தனர். அது ஒரு விதியை முயன்று, பொருந்தாவிடில் மீண்டுவந்து அடுத்த விதியை முயலும். முன் கண்ட முடிவுகளைக் குறித்துவைத்தலால் காலம் வீணாகாது.

ஆயினும் அவர்கள் பழையதை உடனே அகற்றினாரல்லர். இரண்டையும் அருகருகே வைத்து, மொழியோடு வரும் நூலகத்தையும் பலர் வழங்கும் நிரற்றொகுதிகளையும் இரண்டிற்கும் ஈந்து, விளைந்த மரங்கள் ஒத்தனவா என ஒப்புநோக்கினர். வேகத்திலும் நினைவகச் செலவிலும் பழையதற்கு நூற்றுக்குப் பத்துக்குள் நிற்கவேண்டும் என்பது அவர்கள் கொண்ட அளவு. 2020 அக்டோபரில் வந்த 3.9-ஆம் பதிப்பில் புதியதே இயல்பாக இயங்கியது. எனினும், வேண்டுவோர் ஒரு குறிப்பு இட்டுப் பழையதை அழைக்கலாம். 2021 அக்டோபரில் வந்த 3.10-ஆம் பதிப்பிலேயே பழையது நீங்கிற்று.

அப்பதிப்பில்தான் புதுமையும் தலைகாட்டியது. 'மேட்ச்' என்னும் சொல் குறித்த இடத்தில் கட்டளையாகவும், ஏனைய இடங்களில் வெறும் பெயராகவும் நிற்கலாயிற்று. அதனைப் பெயராக வழங்கிய முந்தைய நிரல்கள் கெடவில்லை. ஒரு சொல்லையே நோக்கும் பகுப்பானுக்கு இவ்வேறுபாடு எளிதில் அகப்படாது.

முதலில் பழையதோடு ஒத்தல். அவ்வொற்றுமை மெய்ப்பட்டபின் அதனை விஞ்சுதல். இவ்வரிசை மாறியிருப்பின், கண்ட வேறுபாடு புதுமையோ பிழையோ என்று எவர் துணிந்துரைப்பார்? புதியன ஆக்க விழையும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.