பீரோவுக்குப் பின்னால் பிரசிடெண்ட்டம்மா

விழுப்புரம்–செஞ்சி சாலையில் மண்டகப்பட்டை நெருங்கும்போதே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று ஆகஸ்ட் 15. பதினோரு மணிக்குக் கிராம சபை. அதற்கு முன்பு ஊராட்சி அலுவலகத்துக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க அனுமதி வாங்கிவிட்டேன்! ஊர்ப் பெயரை மட்டும் எழுதக் கூடாதாம். மண்டகப்பட்டுக்குப் பக்கத்து ஊர், அவ்வளவுதான். வாங்க, செருப்பை வாசலிலேயே விடுங்க.

ஒரே அறை. ஒரு மூலையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை, இன்னொன்றில் சுருட்டிய ஜமக்காளம், நடுவில் மைக் செட், அதன் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன டீ டம்ளர்கள். ஜன்னலோரம் தெருவிளக்கு பல்புகள் அட்டைப் பெட்டியோடு குவிந்து கிடக்கின்றன. பிரசிடெண்ட்டம்மா எங்கே? பீரோவுக்குப் பின்னால்! தீர்மானத்தை முணுமுணுப்பாகப் படித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். நம்மைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரிக்கிறார். “மைக்ல படிச்சா நாக்கு புரளுதுங்க.”

போன் அடிக்கிறது. காலையிலிருந்து இது எத்தனையாவதோ. மேலத்தெரு மோட்டார் ஓடவில்லை. டேங்க் ஆபரேட்டர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு செஞ்சிக்குப் போயிருக்கிறார். “காயில் கட்டி எடுத்தார சொல்லிட்டேன், மதியம் வந்துடும்மா.” அடுத்த போனுக்கும் அதே பதில், அதே பொறுமை. பெல்ஜியத்தில் சின்ன ஊர் மேயர்கூட விழா நாளில் பட்டை அணிந்து நிற்பார். நம்ம அக்கா தோளில் ஒரு துண்டு, வியர்வை துடைக்க.

கொடியை மடிக்கும் வேலை எனக்கும் கிடைத்தது! உள்ளே சாமந்தி இதழ். முடிச்சைக் கிளார்க் மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். இழுத்தால் அவிழணும், இழுக்கும் முன்னே அவிழக் கூடாது. எட்டு மணிக்கு இழுத்தார் அக்கா. ஒரே இழுப்பு! இதழ் அத்தனையும் முன்வரிசைப் பிள்ளைகள் தலையில். கிளார்க் விட்ட பெருமூச்சு எனக்கு மட்டும்தான் கேட்டது.

மிட்டாய் கொடுத்து முடித்து, மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி அக்கா கதை சொன்னார். 2021 அக்டோபரில் இந்த மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். பெண்களுக்கு ஒதுக்கிய இடம், இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டு, பூட்டு சாவி சின்னம். அதுவரை மல்லாட்டைக் காட்டில் களை எடுத்தவர். முதல் செக்கில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியதாம். அப்போது துணைத் தலைவரும் சேர்ந்து போட்டால்தான் செக் செல்லும். அவருக்கும் நடுங்கியதாம்! “உங்க வீட்டுக்காரர் உதவுறாரா?” என்றேன். “உதவுறாரே. இப்பகூட மாட்டுக்குத் தண்ணி காட்டினு இருக்கார்.” அறையே சிரித்தது.

மண்டகப்பட்டுக் குகைக் கோயிலுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அக்கா கூட்டிப் போயிருக்கிறார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் பிரமன், ஈசன், திருமாலுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் அங்கே கல்லில் எழுதி வைத்திருக்கிறான். அக்கா சொன்னார்: “ராசா செங்கல் இல்லாமயே கட்டிட்டாரு. நம்ம சிறுபாலத்துக்குச் செங்கலும் இருக்கு, சிமெண்டும் இருக்கு, பில்லுதான் பாஸாவல!”

பத்தே முக்கால். பந்தலடியில் அனல். இந்த அளவு ஊருக்கு 100 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். கிளார்க்கின் வருகைப் பதிவேட்டில் 61 கையெழுத்து. அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறார். நானும் தெருவையே பார்க்கிறேன். அதோ! நூறு நாள் வேலைப் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், கூலி பாக்கியைக் கேட்டே தீருவது என்று. திட்டத்தான் வருகிறார்கள் என்று தெரிந்தும் அக்கா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஓடிப்போய் ஜமக்காளத்தை அவரே விரிக்கிறார்.

மைக்கைத் தட்டுகிறார். கீச்சென்று ஒரு சத்தம். தீர்மானத்தைத் தடுமாறாமல் படிக்கிறார். மூன்றாவது பத்தியில் இடுப்பில் செருகிய போன் மின்னுகிறது. எடுத்துப் பார்த்துவிட்டு, மைக்கை மூடாமலேயே சொல்கிறார்: “மேலத்தெருவுல மோட்டார் ஓடுது. குடம் வெச்சவங்க போய்ப் புடிச்சினு வந்துடுங்க, கையெழுத்து போட்டுட்டு!”