ஒரு கோடு போனால் பறவையே மாறிவிடும்! லாட்வியாவின் 'பல்தா த்ஸியெலவ'

லாட்வியாவின் தேசியப் பறவை எது தெரியுமா? நமக்கும் தெரிஞ்ச ஆள்தான்: வெள்ளை வாலாட்டிக்குருவி. 1960-ல் அதற்கு இந்தப் பட்டம் கிடைத்தது. அங்கே ஏப்ரலில் வந்து அக்டோபர் வரை தங்கும். விறகு அடுக்கிலும் கட்டட இடுக்கிலும் கூடு கட்டும்.

லாட்விய மொழியில் இதன் பெயர் 'பல்தா த்ஸியெலவ'. 'பல்தா' என்றால் வெள்ளை, 'த்ஸியெலவ' என்றால் வாலாட்டி. பக்கத்து நாடான லிதுவேனியாவில் வாலாட்டி 'கியெலே'. வழக்கொழிந்துபோன பழைய பிரஷ்ய மொழியில் 'கீலோ'. மூன்றும் ஒரே குடும்பம். இகர, எகர ஒலிகளுக்கு முன்னால் வந்த பழைய 'க', லாட்விய மொழியில் 'த்ஸ' ஆகிவிட்டது. கண்ணுக்கு லிதுவேனியர்கள் 'அகிஸ்' என்பார்கள், லாட்வியர்கள் 'அத்ஸ்' என்பார்கள். அதே கதைதான். அசைவைக் குறிக்கும் பழைய வேர் ஒன்றோடு இந்தப் பெயரை இணைக்கும் மொழியியலாளர்களும் உண்டு. அது சரியென்றால், தமிழர்களைப் போலவே அவர்களும் அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுவாரஸ்யமே இனிமேல்தான். 'பல்தா'வின் கடைசி எழுத்து நெடில். ரோமன் எழுத்தின் தலையில் சின்னக் கோடு போட்டு அதைக் காட்டுவார்கள். கோட்டை விட்டுவிட்டால் 'பல்த த்ஸியெலவ'. அதற்கு அர்த்தம், 'வெள்ளையாக இருக்கும் ஏதோ ஒரு வாலாட்டி'. ஆனா, நிஜப் பறவை முழு வெள்ளை இல்லையே! உச்சந்தலையும் தொண்டையும் கறுப்பு, முதுகு சாம்பல்.

ஏன் இப்படி? ஆங்கிலத்தில் இருக்கும் 'எ', 'தி' லாட்விய மொழியில் கிடையாது. பெயரடையின் விகுதியே அந்த வேலையைச் செய்கிறது. குறில் வந்தால் ஏதோ ஒன்று, நெடில் வந்தால் 'இன்னது' என்று அறியப்பட்ட ஒன்று. இனப் பெயர்களுக்கு இந்த இரண்டாவது வடிவம்தான்.

'த்ஸியெலவ' இலக்கணப்படி பெண்பால், ஆண் குருவியானாலும் சரி. வெள்ளை நாரையின் பெயரோ ஆண்பால். அதனால் அதற்கு முன்னால் 'பல்தா' வராது, 'பல்தைஸ்' வரும். தமிழில் 'வெள்ளை' எதற்கு முன்னாலும் வெள்ளைதான். அங்கே வேற்றுமை மாறினாலும் பெயரடை மாறும். 'வெள்ளை வாலாட்டியைப் பார்த்தேன்' என்று சொல்ல 'பல்துவோ த்ஸியெலவு' என்று சொல்ல வேண்டும். 'வெள்ளை வாலாட்டிகளின்' என்பதற்கும் இதே வடிவம்தான்! எது என்பதை மீதி வாக்கியத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

மொபைலில் கோடு போட முடியாதபோது? லாட்வியர்கள் சாட்டில் அந்த எழுத்தையே இரண்டு முறை தட்டிச் சமாளிப்பதும் உண்டு.