அம்மாவுக்கு கிளிப் போடப்போறீங்களா? எலும்பு மாத்திரையைப் பற்றி டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?

பல்லுக்கு கிளிப் போடுறது ஸ்கூல் பசங்க விஷயம்னு இருந்த காலம் மாறிடுச்சு. இப்போ 50 வயசு அம்மாக்களும் போட்டுக்கறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா, ஆஸ்டியோபொரோசிஸ் எனும் எலும்பு மெலியும் பிரச்னை இருந்தா, கூடுதல் கவனம் தேவை.

பல் எப்படி நகருது?

கம்பி இழுப்பதால் மட்டும் பல் நகர்ந்துவிடாது. பல் எந்தப் பக்கம் தள்ளப்படுகிறதோ, அந்தப் பக்க எலும்பை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கரைக்கும். பின்பக்கம் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பைக் கட்டும். முன்னாடி இடிப்பு, பின்னாடி கட்டுமானம். அதனால்தான் மாதத்துக்கு சுமார் 1 மி.மீ மட்டுமே நகர்கிறது.

எலும்பு மெலிந்தால்?

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் குறைவதால், இடிப்பு வேலை கட்டுமானத்தை முந்திவிடும். சினைப்பை நீக்கப்பட்ட எலிகளிடம் நடந்த ஆய்வுகளில் பல் வேகமாகவே நகர்ந்திருக்கிறது. 'சீக்கிரம் முடிஞ்சிடுமே'னு சந்தோஷப்பட முடியாது. புது எலும்பு சரியா உருவாகலைன்னா, கிளிப்பைக் கழற்றியதும் பல் பழைய இடத்துக்கே திரும்பலாம். அதனால் குறைவான விசை, நீண்ட நாள் ரீடெய்னர் தேவைப்படலாம்.

மாத்திரை எடுத்தா கதையே வேற!

அலென்ட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் இடிக்கும் செல்களை அடக்கிவிடும். எலும்புக்கு நல்லது, ஆனா, பல் நகர்வது மந்தமாகும். கிளிப்புக்கு இடம் வேணும்னு சில நேரம் பல்லை எடுப்பாங்க இல்லையா? இந்த மருந்து எடுப்பவர்களில் வெகு சிலருக்கு அந்தப் புண் ஆறாமல், தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகலாம். புற்றுநோய்க்காக அதிக டோஸில் ஊசி போடுபவர்களுக்கு இந்த ரிஸ்க் அதிகம்.

சொல்ல மறக்கும் மருந்து

'தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?'னு கேட்டா, 'சுகர் மாத்திரை மட்டும்தான்'னு அம்மா சொல்வாங்க. ஏன்னா, எலும்பு மாத்திரை பெரும்பாலும் வாரம் ஒருமுறைதான். டெனோசுமாப் ஊசி 6 மாதத்துக்கு ஒருமுறை. ஸோலெட்ரோனிக் ஆசிட் வருடத்துக்கு ஒருமுறை. பிஸ்பாஸ்போனேட் எலும்பில் பல வருடங்கள் தங்கும் என்பதால், முன்பு எடுத்து நிறுத்தியதையும் சொல்லணும்.

அதுக்காக மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. டெனோசுமாபை திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறிவு வரைக்கும் போகலாம். எலும்பு டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். நீங்க செய்ய வேண்டியது, அம்மாவின் பழைய பிரிஸ்கிரிப்ஷன்கள், எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, முதல் விசிட்லயே காட்டுறதுதான்.